ரிச்மண்டுக்குக் குழந்தைகளோடு போவதாக இருந்தால்

பிரிஸ்பேனில் வசிக்கும் ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: “ஜூன் கடைசியில் பள்ளி விடுமுறை. மகனுக்குப் பதினொரு வயது, டைனோசர் என்றால் உயிர். மகளுக்கு ஆறு வயது. ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியாரும் உடன் வருவார். குயின்ஸ்லாந்தின் உட்புறத்தில் ரிச்மண்ட் என்ற சிற்றூரில் புதைபடிவங்களை நாமே தேடி எடுக்கலாம் என்கிறார்கள். அவ்வளவு தூரம் காரில் போவது தகுமா? பக்கத்து ஊர்களான ஹியூஎன்டன், வின்டன் இரண்டையும் சேர்த்து ஒரே வாரத்தில் பார்த்துவிடலாமா?”

முதல் கேள்விக்குப் பதில்: தகும், தாராளமாகப் போங்கள். இரண்டாவதற்கு: வேண்டாம்.

அந்த மூன்று ஊர்களையும் ஒன்றாகக் கோத்து ‘டைனோசர் தடம்’ என்று விளம்பரம் செய்கிறார்கள். வரைபடத்தில் பார்த்தால் கைக்கடக்கமான முக்கோணம். காரின் பின்னிருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் ஆறு வயதுப் பெண்ணுக்கோ அது முடிவே இல்லாத புல்வெளி. ஓர் ஊரில் இறங்கி எலும்பைப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு, மறுநாள் காலையில் மூட்டை கட்டி அடுத்த ஊருக்கு ஓடினால், மூன்றாவது ஊர் வருவதற்குள் பிள்ளைகளுக்கு எலும்பு என்ற சொல்லே கசந்துபோகும். ஒரே ஊரில் மூன்று இரவாவது தங்குங்கள். அது ரிச்மண்டாக இருக்கட்டும் என்பது என் கட்சி. மற்ற ஊர்களில் பெரும்பாலும் பிறர் எடுத்து வைத்ததைப் பார்க்கிறோம். இங்கே பிள்ளைகளே குனிந்து எடுக்கலாம்.

புறப்படுவதற்கு முன்பே மகனிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அங்கே போய் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வான். ரிச்மண்டில் கிடைப்பவை பெரும்பாலும் டைனோசர்கள் அல்ல, கடல்வாழ் உயிர்கள். இன்று கடற்கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே, வெயிலில் காய்ந்து கிடக்கும் இந்த நிலத்தின்மேல் பதினோரு கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடல் பரவிக் கிடந்தது. எரோமங்கா கடல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆழம் அதிகமில்லாத உள்நாட்டுக் கடல். அப்போது ஆஸ்திரேலியா இன்றிருப்பதைவிட வெகுதூரம் தெற்கே, அண்டார்டிகாவை ஒட்டிக் கிடந்தது. அதனால் தண்ணீரும் குளிர்ச்சி. ரிச்மண்டைச் சுற்றி நாம் மிதிக்கும் தரை அந்தக் கடலின் அடிச்சேறுதான். பத்துக் கோடி ஆண்டுகளுக்குச் சற்று முந்தையது. புவியியலாளர்கள் அதில் முக்கியமான ஓர் அடுக்கை டூலபக் படிவம் என்பார்கள்.

அந்தச் சேற்றில் ஆக்சிஜன் குறைவு. செத்து விழுந்த உடலைக் குடைந்து தின்னும் பிராணிகள் அங்கே அதிகம் வாழ முடியவில்லை. விழுந்தது விழுந்தபடி கிடந்தது. பிறகு எலும்பைச் சுற்றிச் சுண்ணாம்பு இறுகி, கல்லுறைபோல் ஆகிவிட்டது. மேலே சேர்ந்த மண்ணின் பாரம் மற்றவற்றை அப்பளமாக நசுக்கினாலும் உறைக்குள் இருந்த எலும்பு உருக்குலையவில்லை. இந்தப் பகுதியின் எலும்புக்கூடுகள் பல முப்பரிமாணமாக, மண்டையோட்டின் குழிகள்கூடத் தெளிவாகத் தெரியும்படி கிடைப்பதன் காரணம் இதுதான். ஊருக்குள் அங்கங்கே உருண்டை உருண்டையாகப் பெரிய கற்களை அலங்காரத்துக்கு வைத்திருப்பார்கள். ‘மூன் ராக்’ என்பார்கள். அவையும் அப்படி இறுகிய சுண்ணாம்புக் கட்டிகளே. எல்லாவற்றுக்குள்ளும் எலும்பு இருக்கும் என்று மகன் சுத்தியலைத் தூக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊரின் பெருமை குரோனோசாரஸ். அருங்காட்சியகத்துக்கே ‘குரோனோசாரஸ் கார்னர்’ என்றுதான் பெயர். வாசலில் வாயைப் பிளந்தபடி அதன் பெரிய உருவம் நிற்கும். படம் எடுக்காமல் யாரும் உள்ளே போவதில்லை. குட்டைக் கழுத்தும், முதலையை நினைவூட்டும் நீண்ட தாடையும், துடுப்புபோன்ற நான்கு கால்களும் கொண்ட கடல் ஊர்வன அது. பத்து மீட்டர் அளவு வளரும். அதன் கதை மகனுக்குப் பிடிக்கும். 1899-இல் ஹியூஎன்டன் அருகே பல்லோடு கூடிய ஒரு தாடைத் துண்டு கிடைத்தது. அது பிரிஸ்பேனில் உள்ள குயின்ஸ்லாந்து அருங்காட்சியகத்துக்குப் போய், இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து 1924-இல் ஹெபர் லாங்மன் என்பவர் அதற்குக் குரோனோசாரஸ் குயின்ஸ்லாண்டிகஸ் என்று பெயரிட்டார். பிறகு ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குழு ஆஸ்திரேலியாவுக்கு வந்தது. அதில் இருந்த வில்லியம் ஷெவில், 1932-இல் ரிச்மண்டுக்கு வடக்கே ஆர்மி டவுன்ஸ் பண்ணையில் ஒரு பெரிய எலும்புக்கூட்டைக் கண்டு, பாறையை வெடிவைத்துப் பிளந்து, பெட்டி பெட்டியாக அமெரிக்காவுக்கு அனுப்பினார். அங்கே அது கால் நூற்றாண்டுக்கும் மேல் கிடந்து, 1950-களின் கடைசியில்தான் எழுந்து நின்றது. இல்லாத பாகங்களுக்குப் பிளாஸ்டரை அள்ளி அப்பியதால் ‘பிளாஸ்டரோசாரஸ்’ என்று கேலிப்பெயரும் வாங்கியது. கிட்டத்தட்ட பதின்மூன்று மீட்டர் நீளம் வருமாறு கட்டினார்கள். முதுகெலும்பில் சில கணுக்களைக் கூடுதலாகச் சேர்த்துவிட்டார்கள் என்பது பிற்கால ஆய்வாளர்களின் கருத்து. இப்போது வேறொரு வழக்கும் நடக்கிறது: 1924-இல் பெயர் சூட்டப்பட்ட அந்தச் சிறிய தாடைத் துண்டை வைத்துக்கொண்டு மற்ற எலும்புக்கூடுகளுக்கும் அதே பெயரைக் கொடுப்பது சரியா என்று. அறிஞர்கள் அடித்துக்கொள்ளட்டும். ஊர்க்காரர்கள் பலகையை மாற்றப் போவதில்லை.

மூல எலும்புக்கூடு அமெரிக்காவில் இருக்கிறதே, ரிச்மண்டில் என்ன மிச்சம் என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. 1989-ஆம் ஆண்டு இந்த ஊருக்குப் பெரிய ஆண்டு. ஊருக்குக் கிழக்கே மாரத்தான் என்ற கால்நடைப் பண்ணையில் அந்த ஒரே ஆண்டில் இரண்டு அற்புதங்கள் வெளிவந்தன. ஒன்று ‘ரிச்மண்ட் பிளையோசார்’, அதுவும் துடுப்புக் கால்கள் கொண்ட கடல் ஊர்வனதான். நான்கு மீட்டருக்குச் சற்று அதிக நீளம். மூக்கு நுனியிலிருந்து வால்வரை ஏறத்தாழ முழுமை. ஆஸ்திரேலியாவில் கிடைத்த முதுகெலும்பிகளின் புதைபடிவங்களில் தலைசிறந்தவற்றுள் அது ஒன்று என்று தயங்காமல் சொல்லலாம். அருங்காட்சியகத்தில் அதன்முன் அவசரப்படாமல் நில்லுங்கள்.

மற்றொன்று உங்கள் மகனுக்காகவே கிடைத்தது: குன்பர்ராசாரஸ். உடல் முழுக்க எலும்புக் கவசம் பூண்ட, மூன்று மீட்டருக்கு மேற்படாத டைனோசர். 2015-இல்தான் இந்தப் பெயர் பெற்றது. நிலத்தில் வாழ்ந்த பிராணி கடல் சேற்றுக்கு எப்படி வந்தது? செத்தபின் ஆற்றோடு அடித்து வரப்பட்டு, வயிறு ஊதிக் கடலில் மிதந்து, கடைசியில் மூழ்கியிருக்க வேண்டும். அதன் வயிற்றுக்குள் கடைசியாகத் தின்ற இலைதழைத் துணுக்குகளும் விதைகளும் அப்படியே இருந்தன. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சாப்பாடு! என் அனுபவத்தில் சிறுபிள்ளைகள் குரோனோசாரஸின் பல்லைவிட இந்த வயிற்றைப் பற்றித்தான் அதிகம் கேள்வி கேட்கிறார்கள்.

பறக்கும் ஊர்வனவும் இந்தச் சேற்றில் உண்டு. 2011-இல் ரிச்மண்டுக்கு அருகே ஓர் உள்ளூர்க்காரர் கண்டெடுத்த தாடைத் துண்டுக்கு 2021-இல் தபுங்காகா என்று பெயரிட்டார்கள். சிறகை விரித்தால் ஏழு மீட்டர் இருக்கலாம் என்று கணக்கு. 2021-இல் அருங்காட்சியகத்தின் காப்பாளர் கெவின் பீட்டர்சன் கண்டுபிடித்த மற்றொன்று, 2024-இல் ஹாலிஸ்கியா பீட்டர்செனி ஆனது. அதன் எலும்புகளில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் கிடைத்திருக்கிறது. அதுவே ஆஸ்திரேலியாவில் கிடைத்த பறக்கும் ஊர்வனவற்றில் மிக முழுமையானது. காற்றுப்புகும் குழல்போன்ற எலும்புகள் எவ்வளவு எளிதில் நொறுங்கும் என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

இனி நீங்கள் கேட்ட தோண்டும் விஷயம். ஊருக்கு வடக்கே பொதுமக்கள் தேடுவதற்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நேராக அங்கே போய் இறங்காதீர்கள். முதலில் அருங்காட்சியகத்துக்குப் போய் முழுமையாக ஒரு முறை சுற்றுங்கள், கண் பழகும். வழி வரைபடமும், அந்தப் பருவத்துக்கான விதிகளும் அங்கே கிடைக்கும். வழிகாட்டியோடு கூட்டிப்போகும் நிகழ்ச்சிகளும் நடத்துகிறார்கள். கட்டணம் உண்டு, முதல் தடவை போகிறவர்களுக்கு அது வீண் செலவு அல்ல. எந்தக் கல்லைத் தட்ட வேண்டும், எதைத் தட்டிப் பயனில்லை என்று அரை நாளில் தெரிந்துவிடும்.

தோண்டுவது என்றவுடன் கடப்பாரையும் மண்வெட்டியும் மனத்தில் வருகின்றன. உண்மையில் பாதி வேலை நடந்து தேடுவதுதான். அந்த இடங்களில் மேல்மண் ஏற்கெனவே வழிக்கப்பட்டிருக்கும். சுண்ணாம்புக்கல் பலகை பலகையாக உடைந்து கிடக்கும். சிறிய சுத்தியல், ஒரு பழைய உளி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, முழங்காலுக்குக் கீழே போட ஒரு சாக்கு, கண்டெடுத்ததைச் சுற்ற டிஷ்யூ காகிதம், ஒரு முட்டை அட்டைப்பெட்டி. இவ்வளவு போதும். கண்ணாடி விஷயத்தில் மட்டும் பிள்ளைகளுக்குச் சலுகை கொடுக்காதீர்கள். சுண்ணாம்புச் சில்லு கண்ணில் பட்டால் பக்கத்தில் கண் மருத்துவமனை கிடையாது. மூடிய காலணி அவசியம். காலையில் நன்றாக விடிந்ததும் அங்கே போய்விடுங்கள். வெயில் சாய்வாக விழும்போது மின்னுவது நன்றாகத் தெரியும், ஈக்களும் அப்போது குறைவு. பத்தரை மணிக்குமேல் எல்லாக் கல்லும் ஒரே வெள்ளையாகத் தோன்றும். ஆறு வயதுப் பெண்ணின் பொறுமையும் ஏறத்தாழ அப்போதே தீரும்.

என்ன கிடைக்கும்? மீன் செதில்கள் நிச்சயமாக. பழுப்பு நிறத்தில், தேன் தடவியதுபோல் பளபளப்பாக இருக்கும். மீனின் முள், முதுகெலும்புக் கணுக்கள் கிடைக்கும். பெலம்னைட்டுகள் கிடைக்கலாம், கணவாய்க்குத் தூரத்து உறவான பிராணியின் உள்கூடு, துப்பாக்கித் தோட்டா வடிவத்தில் இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் சுறாப்பல். சிப்பிகள் மண்டிக் கிடக்கும். அவற்றில் இனோசெரமஸ் என்ற பெரிய சிப்பிதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. அதன் உடைந்த விளிம்பு நார் நாராகத் தெரிவதால் எலும்பு என்று நினைத்து ஆளுக்கு ஒரு கிலோ சேர்த்துக்கொண்டு வருவார்கள். சிப்பியில் நார்கள் நெருக்கமாக, தூரிகை முனைபோல் ஒரே திசையில் நிற்கும். எலும்பில் நுண்ணிய துளைகள் தெரியும். புவியியல் படித்தவர்கள் சந்தேகம் வந்தால் நாக்கில் வைத்துப் பார்ப்பதுண்டு. எலும்பாக இருந்தால் சற்று ஒட்டும். உங்கள் மாமியார் பார்க்கும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

மாமியார் எந்த ஊர்க்காரர் என்று எழுதவில்லை. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கமாக இருந்தால் அவருக்கு இந்தக் கற்கள் புதியவை அல்ல. காரை அருகே செம்மண்ணும் களியும் ஓடைகளால் அரித்துக் கிடக்கும் நிலத்தில் பெலம்னைட்டுகளும், சுருள் ஓடு கொண்ட கடல் பிராணிகளான அம்மோனைட்டுகளும் கிடைக்கின்றன. ஏறத்தாழ இதே காலத்துக் கடல்தான் அங்கேயும்.

முழு எலும்புக்கூடு உங்களுக்குக் கிடைக்குமா? வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் அந்த வட்டாரத்தின் பெரிய கண்டுபிடிப்புகள் பலவற்றைச் செய்தவர்கள் பட்டம் பெற்ற விஞ்ஞானிகள் அல்லர். மாடு மேய்க்கிறவர்கள், பண்ணைக்காரர்கள், ஆர்வத்துக்காகத் தேடுகிறவர்கள். 2022-இல் மெக்கின்லே பக்கத்துப் பண்ணை ஒன்றில், தொழில்முறை ஆய்வாளர்கள் அல்லாத மூன்று பெண்கள், நீண்ட கழுத்துக்கொண்ட எலாஸ்மோசார் ஒன்றைத் தலையும் உடலும் சேர்ந்தபடி கண்டுபிடித்தார்கள். ஆஸ்திரேலியாவில் அந்த வகையில் தலையும் உடலும் ஒன்றாகக் கிடைத்தது அதுவே முதல் முறை. ஆகையால் பிள்ளைகளுக்கு ஒரு விதியைச் சொல்லிக் கூட்டிப்போங்கள்: தனித்துண்டு என்றால் எடுக்கலாம். இரண்டு மூன்று எலும்புகள் வரிசையாகப் பாறைக்குள் போவது தெரிந்தால் கையை எடுத்துவிட வேண்டும். படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சொல்ல வேண்டும். இழுத்துப் பார்த்தால் கழுத்து ஒரு பக்கம், தலை ஒரு பக்கம் ஆகிவிடும். எந்த எலும்பு எதன் அருகே, எந்த அடுக்கில் கிடந்தது என்பதுதான் அறிவியலுக்கு வேண்டும்; எலும்பை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தால் பாதி விவரம் தொலைந்துவிடும்.

கண்டெடுத்ததை எல்லாம் அன்று மாலையே அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோங்கள். என்ன உயிர், என்ன பாகம் என்று பார்த்துச் சொல்வார்கள். இதைத் தவறவிடக் கூடாது. பெரியவர் ஒருவர் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்து, ‘இது மீனின் தாடை’ என்று உங்கள் மகளிடம் மரியாதையாகச் சொல்லும்போது அவள் முகத்தைப் பாருங்கள். பெட்ரோலுக்குச் செலவழித்தது உறைக்காது. வேலிக்கு அப்பால் மட்டும் போகாதீர்கள். சுற்றியிருக்கும் நிலம் முழுவதும் தனியார் பண்ணை. அனுமதியில்லாமல் நுழைவது அத்துமீறல், கால்நடைகளுக்கும் தொந்தரவு.

சாலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அங்கே உண்மையான ஆபத்து அதுதான்.

கையில் ஒரு வாரம் மட்டுமே இருந்தால் பிரிஸ்பேனிலிருந்து காரில் கிளம்ப வேண்டாம். ரோமா, லாங்ரீச், வின்டன் வழியாகப் போனால் ரிச்மண்ட் 1,700 கிலோமீட்டர் வரும். குழந்தைகளோடு மூன்று நாள் போக, மூன்று நாள் வர. விடுமுறை காரிலேயே கழிந்துவிடும். டவுன்ஸ்வில்லுக்கு விமானத்தில் போய் அங்கே கார் எடுங்கள். அங்கிருந்து ஃப்ளிண்டர்ஸ் நெடுஞ்சாலையில் மேற்கே சுமார் 500 கிலோமீட்டர். முழுவதும் தார்ச்சாலை, சாதாரணக் கார் போதும். சார்ட்டர்ஸ் டவர்ஸில் காலைச் சாப்பாடு, பென்ட்லண்டைத் தாண்டி மலைத்தொடர் ஏறும் இடத்தில் ஓர் ஓய்வு, ஹியூஎன்டனில் மதிய உணவு, பிறகு கடைசி 115 கிலோமீட்டர். விடிந்து கிளம்பினால் நான்கு மணிக்குள் போய்ச் சேரலாம். இரண்டு வார விடுமுறையும் முழுதாக உங்களுடையது என்றால் பிரிஸ்பேனிலிருந்தே ஓட்டுங்கள். அப்போது வழியும் பயணத்தில் சேர்த்திதான். கார் வாடகைக்கு எடுக்கும்போது ஒப்பந்தத்தைப் படியுங்கள். மண் சாலையில் ஓட்டக் கூடாது, இருட்டியபின் ஊருக்கு வெளியே ஓட்டக் கூடாது என்ற நிபந்தனைகள் பலவற்றில் இருக்கும். தேடும் இடத்துக்குப் போகும் பாதை எப்படிப்பட்டது என்று அருங்காட்சியகத்தில் தொலைபேசியில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இருட்டில் ஓட்டக் கூடாது என்பது வாடகை நிறுவனத்துக்காக அல்ல. பொழுது சாயும்போதும் விடியும்போதும் கங்காருக்கள் சாலையோரப் புல்லுக்கு வரும். வேலியில்லாத இடங்களில் மாடுகளும் குறுக்கே நிற்கும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மாட்டின்மேல் மோதினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. கங்காரு குறுக்கே பாய்ந்தால் பிரேக்கைப் போடுங்கள். ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பாதீர்கள். கங்காருவால் ஏற்படும் விபத்துகளில் மோசமானவை வண்டி உருண்டு நேர்பவை. ஐந்து மணிக்குள் ஊரில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலியே இல்லை. குளிர்காலத்தில் அங்கே ஆறு மணிக்கெல்லாம் பொழுது போய்விடும்.

பகலில் கவனிக்க வேண்டியது ‘ரோடு டிரெயின்’. ஒரு லாரித் தலைக்குப் பின்னால் மூன்று பெட்டிகள். 53 மீட்டர்வரை நீளம். அதை முந்துவதற்கு எதிரே குறைந்தது ஒரு கிலோமீட்டர் வெறுமையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பின்னாலேயே போங்கள். எங்கும் ஓடிவிடப் போவதில்லை எலும்புகள். எதிரே வரும்போது இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடியுங்கள், காற்று காரை அசைக்கும். குறுகிய சாலையில் எதிரே வந்தால் வேகத்தைக் குறைத்து இடது ஓரம் முழுக்க ஒதுங்கி வழிவிடுங்கள். தார் தளத்தைவிட்டு அதை இறங்க வைத்தால் கற்கள் உங்கள் முன்கண்ணாடிக்குத்தான் வரும்.

மழை. ஜூன், ஜூலையில் பெரும்பாலும் இருக்காது. பெய்தால் எல்லாத் திட்டத்தையும் கைவிட வேண்டும். ஏனென்றால் அந்த மண் கரிசல். விருதுநகர், கோவில்பட்டிப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை: காய்ந்தால் விரல் நுழையும் வெடிப்பு, நனைந்தால் காலணியைப் பிடுங்கிக்கொள்ளும் களி. கொஞ்சம் மழை பெய்தாலே மண் பாதைகளை மூடிவிடுவார்கள். மூடிய பாதையில் ஓட்டினால் அபராதம். இழுத்து மீட்பதற்கு அதைவிட அதிகச் செலவு. அந்த நிலத்தில் வெள்ளம் விளையாட்டல்ல. 2019 பிப்ரவரியில் ரிச்மண்ட், ஜூலியா கிரீக் வட்டாரத்தில் வந்த பெருவெள்ளத்திலும் கடுங்குளிர்க் காற்றிலும் மாண்ட மாடுகள் சுமார் ஐந்து லட்சம். தினமும் காலையில் மாநில அரசின் ‘கியூஎல்டி டிராஃபிக்’ தளத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சாலையோரத்தில் மஞ்சள் பூவும் வெள்ளை முள்ளுமாக ஒரு மரத்தை மாமியார் உடனே அடையாளம் கண்டுகொள்வார். கருவேலம்தான். சீமைக் கருவேலம் அல்ல, நம் நாட்டுக் கருவேலம். நிழலுக்கும் ஆட்டுத் தீனிக்கும் என்று 1890-களில் கொண்டுவந்தார்கள். இன்று அது மிட்செல் என்ற புல் வளரும் மேய்ச்சல் வெளியில் பல லட்சம் ஹெக்டேரை விழுங்கிய களை. அரசு அதை அழிக்கப் பெரும் பணம் செலவிடுகிறது. நமக்கு வந்து சேர்ந்த சீமைக் கருவேலத்தை நினைத்தால் கணக்கு நேராகிவிட்டதாகத் தோன்றும். அதன் முள் டயரைக் குத்தும், மெல்லிய செருப்பையும் துளைக்கும். ஸ்டெப்னி டயரில் காற்று இருக்கிறதா என்று புறப்படும் முன்பே பாருங்கள். இளைப்பாற நிழல் தேடி அந்த மரத்தடியில் மட்டும் காரை நிறுத்தாதீர்கள்.

ஊருக்கு வெளியே சிறிது தூரம் போனதும் செல்பேசி செத்துவிடும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். காரில் எப்போதும் பத்துப் பதினைந்து லிட்டர் தண்ணீர். பெட்ரோல் பாதி குறைந்ததும் அடுத்து வரும் பங்கில் நிரப்பிக்கொள்ளுங்கள்; சில ஊர்களில் இரவில் பங்க் மூடியிருக்கும்.

ரிச்மண்டில் வாழ்பவர்கள் ஐந்நூறு அறுநூறு பேர்தான். மோட்டல், கேரவன் பார்க், ஹோட்டல் என்று தங்க இடம் உண்டு, ஆனால் எல்லாம் சில அறைகளே. கேரவன் பார்க்கில் கேபின் கிடைத்தால் அதையே எடுங்கள், சமைத்துக்கொள்ளலாம். சைவம் சாப்பிடுகிறவர்கள் என்றால் வெளியில் கிடைப்பது உருளைக்கிழங்கு வறுவல், சாண்ட்விச், சாலட் என்ற அளவோடு முடிந்துவிடும். ஒரு சிறிய ரைஸ் குக்கரும், அரிசியும், பருப்புப் பொடியும், ஊறுகாயும் எடுத்துப்போனால் மாமியார் உங்களை வாழ்த்துவார். காய்கறி, தயிர் போன்றவற்றை டவுன்ஸ்வில்லிலேயே வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். உட்பகுதி ஊர்கள் பலவற்றில் குழாயில் வருவது பூமிக்கடியிலுள்ள பெரும் ஆர்ட்டீசியன் படுகையின் தண்ணீர். சிலவற்றில் வெந்நீராகவே வரும், கந்தக வாடையும் இருக்கும். கெடுதல் இல்லை, குளித்தால் உடம்புக்கு இதம். காப்பிக்கு மட்டும் பாட்டில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலையில் பகல் 25, 26 டிகிரி. இரவில் பத்துக்குக் கீழே இறங்கிவிடும். கம்பளி வேண்டும். மாமியாருக்கு மங்கிக் குல்லாயும் காலுறையும் எடுத்துவையுங்கள். டிசம்பர் விடுமுறைக்கு இதைத் தள்ளிப்போடும் எண்ணம் வேண்டவே வேண்டாம். நாற்பதைத் தாண்டும் வெயிலில் பிள்ளைகள் கல் பொறுக்க முடியாது. அது மழைக்காலமும்கூட. ஈக்களுக்கு முகவலை வாங்கிக்கொள்ளுங்கள். அதைப் போட்டால் பார்க்கக் கேலியாக இருக்கும். போடாமல் ஒரு வாக்கியம் பேசிப் பாருங்கள், வாய்க்குள் போய்விடும்.

தேடுவது காலையோடு முடிந்துவிடும். மதியத்துக்கு ஊரிலேயே ஃப்ரெட் டிரிட்டன் என்ற செயற்கை ஏரி இருக்கிறது; பிள்ளைகள் விளையாட, பெரியவர்கள் கரையில் நடக்க, உட்கார வசதி உண்டு. மாமியார் தேடும் இடத்துக்கு வர வேண்டிய கட்டாயம் இல்லை. தரை கரடுமுரடு, நிழலும் கிடையாது. ஒரு நாள் மடக்கு நாற்காலியோடு வந்து பார்க்கட்டும், மற்ற நாள் ஏரிக்கரையும் அருங்காட்சியகமும் போதும். அங்கே ஆய்வுக்கூடத்தில் எலும்பைச் சுற்றிய பாறையைச் சிறுகச் சிறுகச் சுரண்டி எடுப்பதைப் பார்க்கலாம். வீட்டில் பாதி நாள் அரிசியில் கல் பொறுக்கியவர்களுக்கு அந்தப் பொறுமையின் அருமை தெரியும்.

ஹியூஎன்டனைத் தனிப் பயணமாக்க வேண்டாம். போகும் வழியில் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஃப்ளிண்டர்ஸ் டிஸ்கவரி சென்டரில் மட்டபர்ராசாரஸ் என்ற டைனோசரின் ஏழு மீட்டர் மாதிரி எலும்புக்கூடு நிற்கிறது. மகனின் டைனோசர் பசிக்கு அது ஒரு கவளம்.

வின்டன் மட்டமான ஊர் என்று நான் சொல்லவில்லை. டைனோசர்களுக்கு ஆஸ்திரேலியாவில் அதைவிட நல்ல ஊர் கிடையாது. டேவிட் எலியட் என்ற பண்ணையாளர் 1999-இல் தன் நிலத்தில் ஆடுகளை ஓட்டும்போது கண்ட ஓர் எலும்பிலிருந்து, மேசைக் குன்றின்மேல் ஒரு பெரிய அருங்காட்சியகமே வளர்ந்திருக்கிறது. தென்மேற்கே 110 கிலோமீட்டர் தள்ளி லார்க் குவாரியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட காலடித் தடங்கள் ஒரே பாறையில் உள்ளன. பெரிய ஊனுண்ணி துரத்த, சிறியவை சிதறி ஓடியதன் பதிவு என்று நெடுநாள் சொன்னார்கள். இல்லை, அது ஆற்றைக் கடக்கும் வழி, பெரிய தடம் தாவர உண்ணியுடையது என்று பிறகு வந்த ஆய்வாளர்கள் மறுத்தார்கள். பதினைந்து வயதுப் பையன் இந்த வாதத்தை ரசிப்பான். ஆகவே வின்டனைச் சில ஆண்டுகள் கழித்து, லாங்ரீச்சோடு சேர்த்து, தனியாக ஒரு முறை போங்கள். இந்த முறையே போகத் துடித்தால் ஹியூஎன்டனுக்குத் திரும்பி அங்கிருந்து தெற்கே இறங்குங்கள். சுமார் 215 கிலோமீட்டர். ரிச்மண்டிலிருந்து வின்டனுக்கு நேர்ப்பாதை ஒன்று வரைபடத்தில் தெரியும். அதன் அன்றைய நிலையை உள்ளூரில் கேட்காமல் அதில் இறங்க வேண்டாம்.

காரே வேண்டாம் என்றால் டவுன்ஸ்வில்லிலிருந்து மவுண்ட் ஐசாவுக்குப் போகும் ‘இன்லாண்டர்’ ரயில் ரிச்மண்டில் நிற்கும். வாரத்துக்கு இரண்டே முறை. கால் நீட்டி உட்கார விரும்பும் மாமியாருக்கு நல்லது. ஊரில் இறங்கியபின் தேடும் இடத்துக்குப் போக உங்களிடம் வண்டி இருக்காது என்பதுதான் சிக்கல்.

கடைசியாக, பிள்ளைகள் சேர்த்த கற்களில் ஒன்றிரண்டைப் பாட்டி ஊருக்கு எடுத்துப்போக ஆசைப்படலாம். ஆஸ்திரேலியப் புதைபடிவங்களை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவதை 1986-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கட்டுப்படுத்துகிறது. அனுமதி பெறாமல் பெட்டியில் வைக்காதீர்கள். கற்கள் பிரிஸ்பேனிலேயே இருக்கட்டும். பாட்டிக்குப் படங்களை அனுப்பிக்கொள்ளலாம். கேபினை மட்டும் இப்போதே பதிவு செய்துவிடுங்கள்; ஜூன் பிறந்தபின் கேட்டால் இருக்காது.